தலைமாட்டில் மகாலட்சுமி

மாமனாரைக் கண்டு பயப்படாத மாப்பிள்ளைகள் இருக்கலாம். நான் அந்த ஜாதி இல்லை. அம்பகரத்தூர் வயலில் அவர் இருமினால் காரைக்காலில் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணம். ஆடிக்குக் கமலாவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனவர், "ஆவணி பொறந்ததும் அழச்சிட்டு வர்றேன் மாப்ளே. படுக்கக் கட்டிலு, துணி வைக்க பீரோ, ரெண்டும் இல்லாத ரூம்புல பொண்ண விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

என் வாடகை வீட்டின் படுக்கையறையை மாடிப்படி ஒரு பக்கமாகத் தின்றிருந்தது. வடக்கே அகலம், தெற்கே குறுகல். நான்கு நாள் டேப்பும் கையுமாக அளந்தேன். (பாலம் கட்டுகிறவன்கூட அவ்வளவு அளந்திருக்க மாட்டான்.) அறையின் வடிவத்துக்கே கட்டில் செய்யக் கொடுத்து, மாமனாரைக் குளிர்விக்க, தலைப்பலகையில் மகாலட்சுமியைச் செதுக்கச் சொன்னேன்.

"தலைமாடு எந்தப் பக்கம் வருதுங்க?" என்றார் கோட்டுச்சேரி ஆசாரி.

"அகலமான பக்கந்தான்!" என்றேன் பெருமையாக.

அவர்கள் வரும் நாள் காலையில்தான் கட்டில் வந்து இறங்கியது. கச்சிதமாகப் பொருந்தியது. மிச்ச இடத்தில் பீரோ. அதன் கதவு ஒரு சாண்தான் திறந்தது, போகட்டும். அப்புறம்தான் உறைத்தது: தலைமாடு வடக்கே! வடக்கே தலை வைத்து யாராவது படுப்பார்களா? கட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். தலைப்பலகை குறுகலுக்குள் நுழையவில்லை. குறுக்கே போடவும் இடமில்லை. பழையபடியே போட்டுவிட்டு, தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். ஒரு நிமிஷம் நிம்மதி. நிமிர்ந்தால் மகாலட்சுமி. அவள் முகத்துக்கு நேரே எங்கள் நாலு கால் நீளும்! மாமனார் கமலாவை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அழைத்துப் போய்விடுவார் என்று நிச்சயமாகத் தோன்றியது.

வாசலில் இருமல். மாமனார் நேரே அறைக்குள் வந்துவிட்டார், பின்னால் கமலா.

"தலகாணி ஏன் கால்மாட்டுல கெடக்கு?"

"வடக்குங்க மாமா..." என்று இழுத்தேன்.

"அதுக்குன்னு சாமி மூஞ்சில காலா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கமலா, பொட்டிய எடு. கெளம்பு."

கமலா பெட்டியை எடுத்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள், அந்தச் சாண் இடுக்கைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"துணிக்கு ஏதுப்பா தலையும் காலும்? அது கட்டில்ல இருக்கட்டும். நாங்க கூடத்துல பாய் போட்டுக்கறோம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காப்பியாவது போடத் தெரியுமா ஒன் வீட்டுக்காரருக்கு?" என்றபடி உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் இருந்தவரை துணிகள் கட்டிலில், நாங்கள் தரையில். இன்றைக்கும் நான் ஒரு சீப்பு வாங்கி வந்தால்கூட என் மகள், "அளவு கெடக்கட்டும்ப்பா, தெச பாத்தீங்களா?" என்பாள். வீடே சிரிக்கும். நான் மட்டும் சீப்பை வடக்கு பார்க்காமல் திருப்பி வைப்பேன்.