ஆறடிப் பாடையில் மூன்று அங்குலம் குறைவு

கோவில்பட்டி,
14-6-1962, வியாழன் காலை.

புதூர் பலசரக்கு வியாபாரம், தங்கை மாப்பிள்ளை கோபாலசாமி அவர்களுக்கு, சங்கரபாண்டி எழுதிக்கொண்டது.

நலம். எல்லாரும் கடிதத்தின் தலையில் வழக்கத்துக்கு எழுதுகிற நலம் அல்ல இது. இந்தக் கடிதத்தின் முக்கியமான செய்தியே இதுதான். நேற்று மாலை தங்களுக்கு ஒரு தந்தி வந்திருக்கும். அதில் நான் இறந்துவிட்டதாகவும் உடனே புறப்படும்படியும் இங்கிலீஷில் நாலு வார்த்தை இருந்திருக்கும். அந்த நாலு வார்த்தையும் தப்பு. புறப்பட வேண்டாம். அங்கே மழை உண்டா, கடை வியாபாரம் எப்படி என்று விசாரிக்க எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று தெரியாததால் விசாரிக்கவில்லை. உண்டென்றால் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கள் கடை அரைவீசைப் படிக்கல்லில் எடை குறைவு கண்டு, சொந்த மாப்பிள்ளை என்றும் பாராமல், எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்த நான் வழக்குப் போட்டதும், தங்கை அழகுத்தாய் நடுத்தெருவில் நின்று, "நீ செத்தாலும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று மண்ணை வாரித் தூற்றியதும் தாங்கள் அறிந்ததே. அந்த வழக்கு நியாயமான வழக்கு. அதைப் பற்றி இன்றும் எனக்கு வருத்தம் கிடையாது. என் தங்கை சொன்ன சொல் மாறாதவள், ஆகவே தந்தியைப் பார்த்தும் வரமாட்டாள், ஆகவே இந்தக் கடிதமே அனாவசியம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும், இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டவன் இறக்கவில்லை என்று தெரிவிப்பது முறை. அவளுக்கு வாசிக்கத் தெரியாதாகையால் தாங்கள் உரக்கப் படித்துக் காட்டவும். கோபம் வருகிற இடங்களில் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மேலே படிக்கவும்.

விஷயம் இதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராமசுப்பு என்று ஒரு காண்டிராக்டர் புதிதாக வந்து, 'மோட்ச வாகன ஏஜென்சி' என்று போர்டு போட்டிருக்கிறார். சாவு வீட்டு வேலை அத்தனையும் அவர் பொறுப்பு. முன்பணம் கட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தால் போதும், அதற்கும் ஆள் வேண்டுமென்றால் அவரே தருவார். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று ரயில் மாதிரி நோட்டீஸ் அடித்திருக்கிறார். எங்கள் தெருப் பாண்டியம்மாள் போன மாதம் தன் புருஷனுக்கு முதல் தரம் கட்டினாள். பாதி வழியில் மேளக்காரர்கள் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குப் பிரிந்து போய்விட்டார்கள். தூக்குகிறவர்களும் மேளம் போன திசையிலேயே நடந்து பழகியவர்கள். கடைசியில் பிரேதம் கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் போய் நின்று, அங்கே சந்தனம் கொடுத்து வரவேற்றார்களாம். பாண்டியம்மாள் என்னிடம் வந்து அழுதாள். "அவிய உசிரோட இருக்கையில ஒரு எடத்துக்கும் அழையாம போனதில்ல அண்ணாச்சி, செத்த பெறவு இப்படி ஆக்கிட்டானே பாவி" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தரிக்காய் நிறுவையில் குறைந்தால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. கடைசிப் பயணத்தில் குறைந்தால் கேட்பார் இல்லை.

முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். சுடுகாட்டு வாசலில் இன்ன தரத்துக்கு இன்ன சாமான் என்று போர்டு வைக்க வேண்டும், பாடைக்கும் முத்திரை குத்த வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். கிளார்க் பூவனநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி இரண்டு தரம் படித்தார். "பாதிக்கப்பட்டவரு யாரு?" என்று கேட்டார். "பாண்டியம்மாள் புருஷன்" என்றேன். "அப்ப அவியல்லா வந்து கையெழுத்துப் போடணும். நீங்க யாரு நடுவுல?" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. சரக்கை அனுபவிக்கிறவன்தானே புகார் செய்ய வேண்டும்.

நான் சர்வீசில் இருந்தபோது கள்ளத் தராசுக்காரனை எப்படிப் பிடிப்பேன் என்பது தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தங்களையே அப்படித்தான் பிடித்தேன். ஊர் தெரியாத ஓர் ஆளை அனுப்பிச் சரக்கு வாங்கச் சொல்வேன், வாங்கிய கையோடு உள்ளே நுழைந்து, சாட்சி வைத்து அளப்பேன். பரீட்சைக் கொள்முதல் என்று பெயர். ராமசுப்புவிடமும் அதையே செய்வதென்று தீர்மானித்தேன். சாவுச் சரக்கை வாங்கிப் பரீட்சை பார்க்க ஒரு பிரேதம் தேவை. எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். என்னைவிடப் பொருத்தமான ஆள் கோவில்பட்டியில் யாரும் அகப்படவில்லை.

பக்கத்துவீட்டு ஜவுளிக்கடை பிச்சை முகம்மதைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஏஜென்சியில் போய்ச் சொல்லவும் அவரைத்தான் கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "பொய் மட்டும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. வேற எதுனாலும் கேளுங்க" என்றார். நல்ல மனிதர். அரை மணி நேரம் யோசித்துவிட்டுப் போய் ராமசுப்புவிடம், "நம்ம சங்கரபாண்டி அண்ணாச்சி படுத்துட்டாவ. இனி அவியளா எந்திரிச்சாத்தான் உண்டு" என்று சொல்லியிருக்கிறார். ஒரு சொல் பொய்யில்லை பாருங்கள். ஏஜென்சியின் விண்ணப்பப் பாரத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் யாரை எழுத என்று என்னைக் கேட்கவில்லை. அவராகவே தங்கள் விலாசத்தை எழுதிவிட்டார்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, இடுப்பில் அளவு நாடாவை முடிந்துகொண்டு, கண்ணை மூடி, கூடத்தில் நீட்டிப் படுத்தேன். பத்து மணிக்குப் பாடை வந்தது. முதல் தரம், பட்டு அலங்காரம், ஆறடி நீளம் என்பது நோட்டீஸ். என்னைத் தூக்கி வைத்ததும் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிச்சை முகம்மதே கேட்டார், "ஆறடின்னு போட்டிருக்கே வே, அவிய காலு வெளிய நிக்குதே" என்று. "அது பழைய அடி அண்ணாச்சி. இப்பம் கவர்மெண்டே மீட்டருக்கு மாத்திட்டாம்லா. ஆறடிக்கு ஒண்ணேமுக்கால் மீட்டரு" என்றார் ராமசுப்பு. மனிதனுக்குக் கடைசியில் ஆறடிதான் சொந்தம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதிலும் இந்த ஆள் மூன்று அங்குலம் அடித்துவிட்டாரே என்று எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டும்போல் இருந்தது. செத்தவன் கடிக்கக் கூடாதே என்று பொறுத்துக்கொண்டேன். ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்த்தால், பட்டு என்று சுற்றியிருந்தது பூராவும் தீப்பெட்டி ஆபீசில் கழித்துப்போட்ட லேபிள் காகிதம். தலைமாட்டில் முந்நூறு சேவல் மார்க், கால்மாட்டில் முந்நூறு கிளி மார்க்.

தூக்குகிறவர்களில் முன்னால் நின்ற சுடலைமாடன் நேர்மையான ஆள். "உடம்பு சுடுதே முதலாளி" என்றான். "வைகாசி மாச வெயில்ல எந்தப் பொணம்லே குளுந்து கெடந்துச்சு, தூக்கு" என்றார் ராமசுப்பு. கோவில்பட்டி வெயில் அவர் பக்கம் சாட்சி சொன்னது.

அடுத்தது அழுகை. நோட்டீஸில் நால்வர், வந்தது இருவர். அதில் ஒரு அம்மாளுக்கு 'உடன்பிறந்தாள் அழுகை' என்று வேலை பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கூடப் பிறந்தவள் வராத வீட்டுக்கு என்று அதை முதல் தரத்தில் சேர்த்திருக்கிறார்களாம். அந்த அம்மாள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, போன வாரம் எங்கேயோ அழுத ஞாபகத்தில், "ஏ என் மாடசாமியண்ணே" என்று ஆரம்பித்தாள். நடுநடுவே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள். மாப்பிள்ளை, முப்பது வருஷ சர்வீசில் எத்தனையோ குறைந்த அளவு பார்த்திருக்கிறேன். இத்தனை குறைந்த அளவு பார்த்ததில்லை. எங்கள் ஆத்தா செத்தபோது அழகுத்தாய் அழுத அழுகை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நான் நிஜமாகச் செத்தாலும் இந்த மாடசாமியண்ணன் அழுகைதான் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். துக்கமாக இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி இரண்டு காதுக்குள்ளும் போய்விட்டது. "முதலாளி, பொணம் அழுவுது" என்றான் சுடலைமாடன். "பன்னீர் தெளிச்சதுலே" என்றார் ராமசுப்பு. பன்னீரும் தெளிக்கவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன்.

சுடுகாடு வரை பொறுத்து, எல்லாக் குறைகளையும் சேர்த்துப் பிடிப்பதுதான் என் திட்டம். பாடையைத் தூக்கிக் கடைவீதி வரை வந்தாயிற்று. இரண்டு படி பொரி இறைக்க வேண்டும். பின்னால் ஒருவன் சாக்கிலிருந்து படியில் அள்ளித் தட்டுகிறான். டொக் என்று கேட்டது. நல்ல படி அப்படிக் கேட்காது. உள்ளே இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பொய் அடி வைத்துத் தைத்த படிதான் அப்படிக் கேட்கும். என்னால் ஆனமட்டும் அடக்கிப் பார்த்தேன். மறுபடியும் டொக். அதற்குமேல் எழுந்தது நான் இல்லை, முப்பது வருஷ சர்வீஸ். பாடையில் எழுந்து உட்கார்ந்து, நாடாவை உருவி, "ஏலே, அந்தப் படியக் கீழ வையி. ஒருத்தனும் நகரப்படாது" என்றேன்.

அத்தனை பேரும் நகர்ந்தார்கள். அப்படி ஒரு நகர்தலை நான் பார்த்ததில்லை. சங்கு ஊதியவர் சங்கை வாயிலிருந்து எடுக்காமலே ஓடியதால், அவர் போன வழியெல்லாம் சத்தத்தை வைத்தே தெரிந்தது. சுடலைமாடன் மட்டும், "பாத்து இறங்குங்க அண்ணாச்சி" என்று ஒரு நொடி நின்று சொல்லிவிட்டு ஓடினான். அந்த ஒரு நொடி அவன் ஒரு மூலையை மட்டும் பிடித்திருந்ததில் பாடை சாய்ந்து, நான் சேவலும் கிளியுமாகப் பக்கத்தில் நின்ற பருத்தி வண்டிக்குள் விழுந்தேன். மாடு மிரண்டு, அதுவும் ஓடியது. பருத்தி மூடைமேல் மல்லாந்து, மாலையும் கழுத்துமாக நான் போனதைக் கடைவீதியே பார்த்தது. ஜின்னிங் ஆபீஸ் வாசலில் எடை போடுகிற இடத்தில் வண்டி நின்றதும், எடைக்காரர் என்னைப் பார்க்காமல் மூடையோடு சேர்த்து நிறுக்கப் பார்த்தார். அந்தத் தராசும் சரியில்லை, அது தனி வழக்கு.

பிச்சை முகம்மது பொய்ப்படியைப் பத்திரமாக எடுத்து வந்துவிட்டார். சாயங்காலம் ராமசுப்புவே வீட்டுக்கு வந்தார். கை கட்டி நின்றார். "தப்புத்தான் அண்ணாச்சி. பாதி வேலைதான் ஆயிருக்கு. மிச்சத்த உங்களுக்கு எப்பம் வசதிப்படுதோ அப்பம் வந்து முடிச்சுத் தாரேன்" என்றார். பூவனநாதனும் வந்து, இப்போது பாதிக்கப்பட்டவரே நேரில் மனுச் செய்வதால் ஏற்றுக்கொள்ளலாம் என்று வாங்கிப்போனார். சுடுகாட்டு வாசலில் போர்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஜெயம்தான்.

கடைசியில், முதல் தரத்துக்கான பதினான்கு அயிட்டத்தில் எதெது சரியாக வந்தது என்று ராத்திரி உட்கார்ந்து டிக் போட்டேன். பதின்மூன்றும் குறைவு. குறைவில்லாமல், தாமதமில்லாமல், விலாசம் பிசகாமல் செய்திருந்தது ஒன்றே ஒன்று, 'உறவினருக்குத் தந்தி'. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றது. பிச்சை முகம்மதைக் கேட்டேன். "நெருங்கின ஒறவுன்னு கேட்டாம். ஒங்களுக்கு வேற யாரு இருக்கா அண்ணாச்சி?" என்றார். பொய் சொல்ல மாட்டேன் என்று முன்னாலேயே சொன்ன மனிதர்.

ஆகவே, மறுபடியும் எழுதுகிறேன், வர வேண்டாம். வராதது பற்றி எனக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. அழகுத்தாய் அழுதிருந்தால் அழுத மட்டுக்கு மன்னிக்கவும். அழாவிட்டால் நல்லது, அழுகை மிச்சம். தங்கள் கடையும் கரிசலும் செழித்து, காலத்தில் மழை இறங்கி, வீட்டில் எல்லாரும் நூறாண்டு இருந்து, ஏஜென்சிக்காரர் எவர் நிழலும் படாமல் வாழ செண்பகவல்லித் தாய் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு உள்ள,
க. சங்கரபாண்டி
எடை அளவு இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போதே தெரு முனையில் ஓர் அழுகை கேட்டது. முழு அழுகை. அளக்கத் தேவையே இல்லை. தலைவிரி கோலமாக, மடியில் வாய்க்கரிசி முடிச்சோடு, வாசற்படியை மிதித்து உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது. "தந்தி குடுத்தா சாக வேண்டாமா? ஊர் அளவெல்லாம் பாத்தியே, ஒன் சாவு கொறஞ்சு கெடக்கே" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஏசினாள். செத்தாலும் வரமாட்டேன் என்றாயே என்று கேட்டேன். "அது நீ சாகமாட்டேன்னு நெனச்சுச் சொன்னது" என்றாள். அதன் பிறகுதான் நிஜமாக அழுதாள். நானும்.

இப்போது வாய்க்கரிசியை உலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஒன் வாய்க்குன்னு கொண்டாந்தது. உசிரோட இருக்கும்போதே தின்னு" என்கிறாள். அரிசியைத் தாங்களே கடையில் அளந்து கட்டிக் கொடுத்ததாகவும், ஒரு படி என்று சொல்லி அனுப்பியதாகவும் சொன்னாள். மாப்பிள்ளை, பழக்கம் விடவில்லை. அவள் தண்ணீர் மோக்கப் போன நேரத்தில் அளந்து பார்த்தேன். ஒன்றேகால் படி இருந்தது. கூடுதலாக அளந்தவர்மேல் என்ன நடவடிக்கை எடுப்பதென்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு வரியும் இல்லை. ஆகவே தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடவும். அந்த அரைவீசைக் கல் வழக்கைப் பற்றி நேரில் ஒரு சொல் சொல்ல வேண்டும்.