ஒரு நாள் கரடி

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு நாள்தான் கரடியாக இருந்தேன். காலை பத்தரை மணிக்குக் கரடியானேன். மதியம் மூன்றே காலுக்கெல்லாம் மறுபடி மனிதனாகிவிட்டேன். முழுசாக ஐந்து மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதற்கு முன் இருபத்தேழு வருடங்கள் மனிதனாக இருந்து நான் சேர்த்து வைத்திருந்த மரியாதை மொத்தமும் அந்த இடைவெளியில் காலியாகிவிட்டது. (அப்படியொன்றும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்கவில்லை என்பாள் கௌரி. அவள் என் மனைவி. அப்படித்தான் சொல்வாள்.)

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் எனக்கு வேலை. ராட்டினம், தண்ணீரில் சறுக்கும் குழாய்கள், செயற்கையாக அலையடிக்கும் குளம் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடங்களுக்கு ஃபோன் போட்டு, "பசங்கள டூர் கூட்டிட்டு வாங்க மிஸ்" என்று கெஞ்சுவதுதான் என் உத்தியோகம். ஏசி அறை, சுழலும் நாற்காலி. ரெட்டியார்பாளையத்தில் என் மாமியார் தெரு முழுக்க, "மாப்ள ஆபீசரா இருக்காரு" என்று சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

அந்த மார்ச் மாதம் கொரோனா என்ற பேச்சு வந்தது. முதலில் அது டிவியில் மட்டும்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு பள்ளியாக, "இப்ப வேணாம் சார், பேரன்ட்ஸ் பயப்படறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பெற்றோர் எல்லோரையும் சேர்த்துக் கட்டினாலும் என் பயத்துக்கு ஈடாகாது. ஃபோன் ரிசீவரைத் துடைத்துவிட்டுப் பேசுவேன். பேசிவிட்டுத் துடைப்பேன். மறுமுனையில் யாராவது இருமினால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன். கை கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை போல் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் மோகன் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கரடித் தலை உட்கார்ந்திருந்தது.

எங்கள் பூங்காவின் சின்னம் பப்லு என்கிற கரடி. வாசலில் நின்று குழந்தைகளைக் கட்டிப்பிடிக்கும், ஃபோட்டோவுக்கு நிற்கும், டாட்டா காட்டும். அதற்குள் தினமும் இருப்பவன் தனசேகர். வில்லியனூர்ப் பக்கத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், நல்ல உயரம்.

"தனசேகர் இன்னிக்கு லீவு. நீ ஒரு நாள் போட்டுக்க."

"சார், நான் புக்கிங் சார்."

"புக்கிங்கே இல்லியேப்பா. சும்மாதான உக்காந்திருக்க?"

போட்டுக்கொண்டேன்.

கரடிக்குள் இருப்பது எப்படியிருக்கும் என்று யாருக்காவது சந்தேகமிருந்தால், மே மாத மத்தியானத்தில் கம்பளி மெத்தையைச் சுற்றிக்கொண்டு, மூடிய பீரோவுக்குள் நின்று பார்க்கலாம். தலைக்குள் ஒரே ஈரம். பழைய வியர்வை வாசனை. கரடியின் திறந்த வாய்தான் ஜன்னல். அதில் அடித்திருந்த கறுப்பு வலை வழியாகத்தான் உலகம் தெரியும். கரடி பேசக் கூடாது என்பது பூங்காவின் கண்டிப்பான விதி.

கூட்டம் வழக்கத்தைவிடக் குறைவு, ஆனால் மோசமில்லை. எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்ததால், மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்த கூட்டம் அது. மூக்கில் முகமூடியோடு வந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். முகமூடி போட்டவர்களோ மற்றவர்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். குழந்தைகளுக்கு இது எதுவும் தெரியாது. "பப்லூ!" என்று ஓடிவந்து வயிற்றில் முட்டின. நான் எண்ணுவதை ஐம்பதோடு நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் வலைக்கு வெளியே மாமியார் முகம் தெரிந்தது.

நான்தான் மாதத் தொடக்கத்தில் இலவச அனுமதிச் சீட்டுகள் கொடுத்திருந்தேன். கொடுத்ததையே மறந்துவிட்டேன். கௌரி, அத்தை, கௌரியின் அக்கா மகள் நிலா, மூன்று பேரும் வந்திருந்தார்கள். நிலாவுக்கு நாலு வயது. அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சென்னையில் வேலை என்பதால் அத்தையிடம் வளர்ந்தாள்; அவரை 'ஆயா' என்பாள். அவள் நேராக வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "தூக்கு" என்றாள். தூக்கினேன். கரடியின் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

அத்தை என் கையைத் தொட்டுப் பார்த்தார். "யாரு பெத்த புள்ளயோ கௌரி, இந்த வெயில்ல. வவுத்துப் பொழப்பு பாரு." பிறகு என் முகத்துக்கு நேராக, "ஏம்பா, எங்க மாப்ள இங்கதான் ஆபீசரா இருக்காரு. ஏசி ரூம்ல இருப்பாரு. எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் நிஜமாகவே கையை நீட்டி ஆபீஸ் இருக்கும் திசையைக் காட்டினேன். (விதிப்படி பேசக் கூடாதல்லவா? அது ஒன்றுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) அவர்கள் என்னைத் தேடிக்கொண்டு போனார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் தலையைக் கழற்றி வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தேன். தனசேகரிடமிருந்து ஒன்பது அழைப்புகள். கூப்பிட்டேன்.

"அண்ணே, என் டிரெஸ்ஸ நீங்களா போட்டுகினு இருக்கீங்க?"

"ஆமாண்டா. ஏன்?"

"கழட்டிடுங்கண்ணே. எனக்கு மூணு நாளா ஜுரம். தொண்ட வேற வலிக்குது. நேத்திக்கு வரைக்கும் அதோடதான் போட்டுகினு இருந்தேன். சொன்னா லீவு தரமாட்டாங்கன்னு சொல்லல. இப்ப பயமா இருக்குண்ணே. கோரிமேடு ஆஸ்பத்திரில வரிசைல நிக்கிறேன். வெளிநாட்டுக்காரங்க யாரயாச்சும் தொட்டியான்னு கேக்குறாங்க. போன வாரம் நாலு பேரு என்னயக் கட்டிப் புடிச்சு ஃபோட்டோ எடுத்தாங்களேண்ணே!"

என் எதிரே கரடித் தலை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் உள்பக்கம் ஈரம் பளபளத்தது. அதில் பாதி என்னுடையது, பாதி அவனுடையது. மூன்று மணி நேரமாக நான் குடித்த காற்று முழுவதும் அவன் விட்ட மூச்சு. அந்த நிமிடமே எனக்குத் தொண்டை வலித்தது. சத்தியமாக வலித்தது. அடுத்த நிமிடம்தான் நிலாவின் முத்தம் ஞாபகம் வந்தது. அதன் பிறகு தொண்டை வலி தெரியவில்லை.

மோகன் சாரிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே ஃபோனும் காதுமாக வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"மூடச் சொல்லிட்டாங்கப்பா. இன்னிக்கே. மூணு மணிக்குள்ள எல்லாரையும் அனுப்பணும்."

"சார், தனசேகருக்கு ஜுரமாம் சார். இந்த டிரெஸ்..."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "சாதா ஜுரமா இருக்கும். இப்ப வாயத் தொறந்தீன்னா கேட்ல நாலு பேரு நசுங்கிச் சாவான். மொதல்ல ஜனங்கள அனுப்புவோம். நீ தலையப் போட்டுகினு கேட்டுகிட்ட நின்னு டாட்டா காட்டு. பசங்க அழாம போவாங்க."

இங்கேதான் நான் ஒரு மனிதனாக நிமிர்ந்து, 'முடியாது சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "சரி சார்."

மைக்கில் அறிவிப்பு வந்தது. கூட்டம் ஒரு நிமிடம் புரியாமல் நின்றது. பிறகு கொதித்தது.

"காலைல உள்ள வுடும்போது தெரியலையா?" என்றார் ஒருவர், இடுப்பில் ஈரத்துண்டோடு.

"வைரஸ் மூணு மணிக்கு மேலதான் டியூட்டிக்கு வருமா?" என்றார் இன்னொருவர்.

"அலைக்குளத்துல இன்னும் எறங்கவே இல்ல. எறங்காம போவமாட்டோம்" என்று ஒரு குடும்பம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. மோகன் சார் கையெடுத்துக் கும்பிட்டார். ஒருவரும் நகரவில்லை. பெரியவர்களின் சத்தத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அப்போது அவர், தன் வாழ்க்கையிலேயே சிறந்த யோசனை என்று நினைத்திருப்பார் போல, மைக்கில் சொன்னார்: "குட்டீஸ்! பப்லு உங்களுக்கு டாட்டா சொல்ல வந்திருக்கான் பாருங்க!"

முப்பது நாற்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் திரும்பின. எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நிலா.

நான் திரும்பி ஓடினேன்.

கரடி ஓடும் என்பது குழந்தைகளுக்குப் புதுச் செய்தி. அழுகை நின்றுவிட்டது. "பப்லு ஓடிப் புடிச்சி வெளாடறான்!" என்று ஒருவன் கத்த, மொத்தமும் பின்னால் வந்தது. ராட்டினத்தைச் சுற்றினேன். ஐஸ்கிரீம் கடையைச் சுற்றினேன். வலை வழியாகக் காலடி தெரியாது, மூச்சு இல்லை, உள்ளே தலை இடமும் வலமும் சுழன்றது. "வராதீங்க! வராதீங்கடா!" என்று கத்தினேன். கரடி பேசிவிட்டது என்ற குஷியில் அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள். எந்தப் பக்கம் ஓடினேனோ தெரியாது, காலுக்கடியில் தரை இல்லாமல் போனது.

குழந்தைகள் குளம். முழங்கால் ஆழம்தான். ஆனால் கரடித் தோல் அரைக் குளத்தைக் குடித்துவிட்டது. எழுந்தால் சாய்கிறேன், சாய்ந்தால் எழ முடியவில்லை. கரையில் நிலா சட்டையோடு இறங்கத் தயாராக ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள்.

தலையைப் பிடுங்கி எறிந்தேன்.

"நிலா! கிட்ட வராத! யாரும் வராதீங்க! எனக்கு முன்னாடி இதப் போட்டிருந்தவனுக்கு மூணு நாளா ஜுரம்! ஆஸ்பத்திரில இருக்கான்!"

ஒரு தாய் தன் பிள்ளையை வாரி எடுத்தாள். அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்த குடும்பம்தான் முதலில் வாசலைத் தாண்டியது. ஈரத்துண்டுக்காரர் ஈரத்துண்டோடே பைக்கில் ஏறினார். நல்லவேளை, யாரும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. பத்தே நிமிடத்தில் மிஞ்சியது நாங்கள் ஐந்து பேர். கையில் மைக்கோடு மோகன் சார், கரையில் நிலாவை இறுக்கிப் பிடித்தபடி கௌரி, தண்ணீரில் நான், நான்கடி தள்ளி என் மாமியார்.

"மாப்ள..." என்றார் அத்தை. "நீங்களா அது?"

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தூரத்திலிருந்து நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள். தண்ணீரில் ஊறியிருந்ததால் மிகக் குறைவாகக் காட்டியது. "இவ்ளோ கம்மியா இருந்தா ஆபத்தா சார்?" என்று கேட்டேன். தனசேகருக்குச் சோதனை முடிவு வரும்வரை நாங்கள் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். எங்கள் வாடகை வீட்டில் ஒரே அறை. அதனால் எல்லோரும் ரெட்டியார்பாளையத்தில், அத்தை வீட்டில் அடைந்தோம். எனக்கு மாடி அறை.

அந்த நான்கு நாட்களைப் பற்றித் தமாஷாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை. கீழே நிலா தும்மினால் மாடியில் நான் எழுந்து நின்றுவிடுவேன். மணிக்கொருமுறை படியில் நின்று, "நெத்தி சுடுதா பாரு கௌரி" என்பேன். சென்னையிலிருந்து நிலாவின் அம்மா ஃபோன் செய்யும்போதெல்லாம் என்னிடம் கொடுக்கச் சொல்லவே இல்லை. அதைவிட அவர் திட்டியிருக்கலாம். அத்தை படியில் தட்டு வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மூன்றாம் நாள் காலையில் நிலா இருமினாள். இரண்டே தடவை. நான் அன்று சாப்பிடவில்லை.

சாயங்காலம் படிக்கட்டில் அத்தை நின்றார். "ஏன் சாப்புடல?"

"அத்தை, எனக்கு ஒன்றரை மணிக்கே தெரியும். மூணு மணி வரைக்கும் வாயத் தொறக்கல."

"தெரியும். கௌரி சொன்னா. தப்புதான்" என்றார். பிறகு, "ஆனா புள்ள கிட்ட வரும்போது ஓடினீங்க இல்ல? சாப்புடுங்க" என்றார்.

நாலாம் நாள் தனசேகர் கூப்பிட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணே... டைபாய்டாம்ணே!"

"டைபாய்டா? நெஜமாவா?" என்று நான் போட்ட கூச்சலில் தெரு திரும்பிப் பார்த்தது. "டைபாய்டு! டைபாய்டு!" என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினேன். கௌரி அழுதாள். அத்தை அடுப்பில் பாயசத்துக்குப் பாலை வைத்துவிட்டார். பால் பொங்கும்போதுதான், ஒரு பையன் படுக்கையில் கிடக்கிறான் என்ற நினைப்பே எங்களுக்கு வந்தது. அவன் தேறி வர ஒரு மாதம் ஆனது. இன்றும் என்னைப் பார்த்தால், "என் ஜுரத்துக்குப் பாயசம் வச்சவங்கதானண்ணே நீங்க?" என்பான்.

அடுத்த சில நாட்களில் ஊரே அடைபட்டுவிட்டது. பூங்கா திறக்க வெகுகாலம் ஆனது. அதற்குள் நான் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்துவிட்டேன். பூங்காவில் இருந்தேன் என்பதையே மெல்ல ஊர் மறந்துவிடும் என்று நம்பினேன்.

போன மாதம் நிலாவின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அவள் இப்போது பெரிய பெண். அத்தைக்கு முழங்கால் வலி, கௌரிக்கு வேலை. நான் போனேன். தமிழ் டீச்சர் ஒரு கட்டுரை நோட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். தலைப்பு, 'எனக்குத் தெரிந்த விலங்கு'. நிலா எழுதியிருந்தாள்:

'கரடி மனிதர்களைத் துரத்தும் என்று பாடத்தில் இருக்கிறது. அது தவறு. மனிதர்கள் துரத்தினால் கரடிதான் ஓடும். கரடிக்கு நீச்சல் தெரியாது. கரடி எங்கள் வீட்டு மாடியில் நான்கு நாள் இருந்தது. அதற்கு ஆயா படியில் சோறு வைத்தார். கரடி மிகவும் பயந்த விலங்கு. ஆனால் நல்லது.'

"கற்பனை நல்லா இருக்கு சார், நான் இல்லேன்னு சொல்லல" என்றார் டீச்சர். "ஆனா இதெல்லாம் நெஜம்னு அடம் புடிக்கிறா. நேர்ல பாத்தேன்னு சொல்றா. வீட்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"சித்தப்பா மிஸ்" என்றேன். நோட்டை மூடி அவர் பக்கமே தள்ளி வைத்தேன். "அவ சொல்றது நெஜந்தான் மிஸ். அந்தக் கரடி நான்தான்."