தனித்தனி ரூமில் ஓர் ஆராய்ச்சி

குறிப்பெடுக்கும் சாஃப்ட்வேர்களைக் கண்டுபிடித்தவர்கள் அத்தனை பேரும் விருதுநகருக்கு ஒரு நடை வந்து, எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் மாடியில் லேபிள் அக்காவிடம் பாடம் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். வராமல் போனது அவர்கள் நஷ்டம்.

இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். நானும் அக்காவும் ஒரே காலேஜில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருந்தோம். பெற்றவர்கள் அவருக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஹாஸ்டலில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. படித்த ஒவ்வொரு பக்கத்துக்கும், கேட்ட ஒவ்வொரு பேச்சுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு லேபிள் ஒட்டுவார். 'கூலி', 'மழை', 'மழை இல்லை', 'மழை பற்றிய புளுகு' என்று போய்க்கொண்டே இருக்கும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் வந்த கதைதான் அவருடைய ஆராய்ச்சி. எம். புதுப்பட்டியில் அவர் வீடே அந்தக் கதைதான்.

அந்த சாஃப்ட்வேர்களெல்லாம் முதல் மாதம் இலவசமாக ஓடும், அப்புறம் டாலர் கேட்கும். டாலர் கேட்ட அன்றைக்கே அக்கா மூட்டை கட்டிவிடுவார். அடுத்த சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஏற்றி, லேபிள்களைப் புதுசாக ஒட்டி நிமிர்வதற்குள் அங்கேயும் மாதம் முடிந்துபோகும்.

"அக்கா, எம்புட்டு எழுதியிருக்கீக?"

"எழுதவா? குடியேறவே நேரம் பத்தல புள்ள!"

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. நான் எங்கோ படித்து எங்கோ தொலைத்த கட்டுரையை, திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துத் தருவார். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் யார் யாரை மறுத்தார்கள் என்று கேட்டால், வாயில் இருக்கும் காராச்சேவை மென்று முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். காலேஜில் வேலை பார்த்த வாத்தியார்களே சந்தேகம் கேட்க ஹாஸ்டல் கேட் வரை வந்து நிற்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் எல்லா வேலையையும் ஒரே கட்டடத்தில் செய்ய மாட்டார்கள். மருந்துக்கு ஒரு ரூம், திரிக்கு ஒரு ரூம், நடுவில் வெறும் இடம். ஒன்று வெடித்துப் போனாலும் மற்றது நிற்கும். அக்கா தன் ஆராய்ச்சியையும் அப்படியே கட்டியிருந்தார். பேட்டி கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் ஆமத்தூரில் சித்தி மகன் நடத்திய டிடிபி சென்டர் கம்ப்யூட்டரில். அவர்கள் சொன்னது ஹாஸ்டல் கம்ப்யூட்டரில். புத்தகக் குறிப்பெல்லாம் காலேஜ் லைப்ரரியில். சொந்தக் கருத்து மட்டும் பென் டிரைவில். அது எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும்.

எங்கள் கைடு மேடம் ஒருநாள் ஒரு தாளைக் காட்டிக் கேட்டார். "இது யாரும்மா சொன்னது?"

"சொன்னது இங்கன இருக்கு மேடம். சொன்ன ஆளு ஆமத்தூர்ல இருக்காக."

"போன் போட்டுக் கேளேன்."

"சீசன் மேடம். காலண்டர் ஆர்டர் ஓடுது. கம்ப்யூட்டர் சும்மா இருந்தாத்தான் ஆள வெளிய எடுக்க முடியும்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒருநாள் சொல்லிவிட்டார். "மார்ச்சோட நான் ரிட்டயர்டு. அதுக்குள்ள தீசிஸ் கைக்கு வரலேன்னா உன் பதிவே ரத்தாயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அன்று சாயங்காலமே நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்தையும் ஒரே எடத்துக்குக் கொண்டாங்கக்கா. சேர்த்தாத்தான எழுத முடியும்?"

எதற்கும் சிரிக்கிற மனுஷி சிரிக்கவில்லை.

"எங்கம்மா வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போது பக்கத்து ரூமு போயிருச்சு. நடுவுல எடம் விட்டிருந்தாக. அதனாலதான் எங்கம்மா எந்திரிச்சு, நடந்து வீட்டுக்கு வந்தாக. ஒண்ணா வைக்கச் சொல்லாத புள்ள."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மருந்தும் திரியும் கடைசில சேராம வெடி ஏதுக்கா?" என்றேன்.

அக்கா பென் டிரைவைக் கழுத்திலிருந்து கழற்றினார். "சேர்க்கலாம். ஆனா முறையாச் சேர்க்கணும்."

முறை என்றால் கம்பெனி முறை. மருந்து கலக்குவது வெயில் ஏறுமுன்தானாம், அதனால் விடிந்ததும் வேலை. ரூமைக் கழுவியாயிற்று. செருப்பும் செல்போனும் வெளியே. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதை எங்கே ஊற்றப்போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த வார்டனம்மாவை அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"நைலான் சேலை கட்டியிருக்கீக. உரசுனாப் பொறி பறக்கும். உள்ள வரப்படாது."

"எம்மா, இது என் ஹாஸ்டலு!"

"நூல் சேலை கட்டிட்டு வாங்க, விடுதேன்."

அப்புறம் என்னையும் பார்த்தார். "நீயும் வெளிய போ. ரூமுல ஆள் கூடாது."

"போமாட்டேன்."

"எல்லாம் போயிருச்சுன்னா?"

"போகட்டும். ரெண்டு பேருமா இருந்து பார்ப்போம்."

என்னைத் திட்டிக்கொண்டே தன் நாற்காலியில் பாதியை விட்டுக்கொடுத்தார். பழைய இடங்களிலெல்லாம் குறிப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன, நாங்கள் ஆமத்தூருக்கும் லைப்ரரிக்கும் போய்க் கொண்டுவந்தது நகல். அதைச் சொன்னால் காதில் வாங்கும் நிலையில் அக்கா இல்லை. எல்லாவற்றையும் சேர்க்கிற பட்டனைத் தட்டினார். திரையில் நீலப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போய், முடியும் நேரத்தில் நின்றுவிட்டது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சு, வெடிச்சிருச்சா?" வாசலிலிருந்து வார்டனம்மா.

பட்டை நிறைந்தது. ஆமத்தூர் ஆட்கள் அத்தனை பேரும் தங்கள் சொற்களோடு சேர்ந்து வரிசையாக வந்து நின்றார்கள். அக்கா முதல் பேட்டியைத் தன் வீட்டிலேயே எடுத்திருந்தார். அதனால் முதல் பெயர் அவர் அம்மாவுடையது. அதன்கீழே அந்த அம்மா சொன்னது இருந்தது: 'உள்ள போகும்போது எம் மக பேரச் சொல்லிக்கிட்டுப் போவேன். வெளிய வரும்போதும் சொல்லுவேன்.'

அந்த வரியை டைப் செய்ததும், லேபிள் ஒட்டியதும் அக்காதான். அம்மா பெயருக்கு நேர் கீழே அதை அன்றுதான் பார்த்தார். சத்தம் போட்டு அழுதார். வார்டனம்மா நைலான் சேலையோடு உள்ளே ஓடிவந்தார், அக்கா தடுக்கவில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். தீசிஸ் அந்த வரியில்தான் தொடங்கியது. மேடம் ரிட்டயர் ஆவதற்கு முன்பே அது அவர் மேஜைக்குப் போய்விட்டது.

இப்போது அக்கா வேறொரு ஊரில் பேராசிரியர். புதுசாக ஏதாவது சாஃப்ட்வேர் கண்ணில் பட்டால் எனக்குப் போன் போட்டு, அதன் அருமை பெருமைகளை விளக்க ஆரம்பித்துவிடுவார். பாதி எனக்குப் புரியாது. அவர் சீக்கிரம் பேசி முடித்துவிடக் கூடாதே என்று, நடுநடுவே ஒரு கேள்வி கேட்டு வைப்பேன்.