கெர்னல் மாப்பிள்ளை

"பெட்டி உயிரோடதான் இருக்குது மாமா. நினைவுதான் இல்ல," என்றான் தேவேந்திரன்.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த மாமனார் திருஞானசம்பந்தம், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் முகத்தோடு கேட்டார். "பொழைக்குமா மாப்ளே? கம்பெனி மெக்கானிக்குக்குப் போன் போடட்டுமா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

தேவேந்திரன் வாழ்க்கையில் பட்ட துன்பங்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தால் வந்தவை. போன ஆடிக்கு மாமனார் வீட்டு மிக்ஸியைப் பார்த்தும் இதையேதான் சொன்னான். அந்த மிக்ஸி இப்போது பரணில் இருக்கிறது.

பெட்டி என்றால் டிபன் கேரியர் உயரத்தில் தறியோரம் மாட்டியிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். தறியின் உச்சியில் இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு அதுதான் மூளை. எந்த இழை எப்போது மேலே எழும்ப வேண்டும் என்று அது சொன்னால்தான் சேலையில் மயில் வரும், மாங்காய் வரும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களான திருஞானசம்பந்தமும் சிட்டிபாபுவும் ஒரே நாளில், ஒரே கடையில், அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வாங்கினார்கள். வைஃபை மட்டும் இந்த வீட்டுடையது. சுவரைத் தாண்டி அந்த வீட்டுக்கும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பெட்டிகளையும் வைஃபையில் சேர்த்து, மாமனார் பெட்டிக்கு 'காமாட்சி' என்றும் சிட்டிபாபு பெட்டிக்கு 'வரதன்' என்றும் பெயர் சூட்டியவன் தேவேந்திரன்தான். செவிலிமேட்டில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்று தெருவில் அவனுக்கு நல்ல பெயர். இன்று காலை மாமனார் போன் செய்ததும் பல்லைத் தேய்த்த கையோடு பைக்கில் வந்து இறங்கிவிட்டான்.

"நேத்து பத்திரிகை வெக்கப் போறப்போகூட நல்லாத்தான் ஓடிச்சுப்பா. காலைல மிதிச்சா ஒரு இழை எந்திரிக்கல. ஸ்கிரீன்ல வெளிச்சமே இல்ல," என்றார் மாமனார்.

தறியில் இருந்தது சின்ன மகள் சந்தியாவின் முகூர்த்தச் சேலை. பாதி நெய்தாகிவிட்டது. கல்யாணம் அடுத்த வாரம்.

"இன்னிக்குப் பொழுதுக்குள்ள ஓடலைன்னா சொல்லிடு மாப்ளே. காந்தி ரோட்டுல ஏதாச்சும் கடையில வாங்கிடறேன்." இதைச் சொல்லும்போது அவர் கை பாதிச் சேலையைத் தடவியது. நெசவாளி தன் பெண்ணுக்கு முகூர்த்தச் சேலையைக் கடையில் வாங்குவது, ஓட்டல்காரர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எதிர் ஓட்டலில் சாப்பாடு சொல்வதைப் போன்றது. இலை போட்டு முடிப்பதற்குள் ஊர் சிரித்துவிடும். தேவேந்திரனுக்கும் அது தெரியும். 

பெட்டியை அணைத்துப் போட்டான். தட்டிப் பார்த்தான். அதன் நெற்றியில் மாமனார் வழக்கமாகப் பூசும் விபூதிப் பட்டை பளிச்சென்று இருந்ததே தவிர, ஸ்கிரீன் இருட்டாகவே இருந்தது. ஆனால் லேப்டாப்பைத் திறந்து வைஃபை வழியாக 'காமாட்சி' என்று கூப்பிட்டவுடன், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வந்தது.

அங்கேதான் அவன் மேலே சொன்ன முடிவுக்கு வந்தான். மூளை வேலை செய்கிறது. கண்ணும் கையும்தான் வேலை செய்யவில்லை.

"கெர்னல் கெட்டுப்போச்சு மாமா. புதுசா ஒண்ணு பண்ணி ஏத்தணும்."

"அது இன்னாது?"

"கம்ப்யூட்டருக்கு மேஸ்திரி மாதிரி. ஸ்கிரீன், வைஃபை, ஜக்கார்டு எல்லாத்தையும் வேலை வாங்குறது அதுதான். ஆனா ப்ராசஸருக்கு ஏத்த மாதிரி பண்ணணும். என் லேப்டாப்புல இருக்கறது எக்ஸ் எண்பத்தாறு. பெட்டியில இருக்கறது ஆர்ம். ரெண்டும் வேற வேற ஜாதி. இதுக்குப் பண்ணுனது அதுக்கு ஆவாது."

"அங்கயுமா?" என்று பெருமூச்சு விட்டார் திருஞானசம்பந்தம்.

லேப்டாப்பில் ஆர்ம் என்று தேர்ந்தெடுத்ததும் கேள்விகள் வரிசை கட்டி வந்தன. கெர்னலில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஒவ்வொன்றாக ஆம், இல்லை சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு கேள்வி எழுந்தால் அதைக் குடும்பமே கூடிப் பேசி முடிப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். கல்யாண வேலைக்காகத் தாய்வீட்டுக்கு முன்பே வந்துவிட்ட அவன் மனைவி மஹாலட்சுமியும் கல்யாணப் பெண் சந்தியாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஜாய்ஸ்டிக் வேணுமான்னு கேக்குது."

"வேணாம்னு சொல்லு," என்றார் மாமனார்.

"ஹாம் ரேடியோ?"

"கல்யாணத்துக்குக் கச்சேரி சொல்லியாச்சு. வேணாம்."

"டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட் சிக்னல் வந்தா எடுத்துக்கலாமான்னு..."

"துட்டு எவ்ளோவாம்?"

"ஃப்ரீதான் மாமா."

"அப்போ போடு. சும்மா குடுக்கறத ஏன் வேணாம்னு சொல்ற?"

சந்தியாவுக்கு மட்டும் பொறுமை போய்விட்டது. "மாமா, மாப்பிள்ளை வூட்டாருகூட இவ்ளோ கேள்வி கேக்கல!"

இப்படியாக முதல் கெர்னல் தயாரானது. லேப்டாப் இட்லிப் பானையாகக் கொதித்தது. தேவேந்திரன் அதைக் காமாட்சிக்கு அனுப்பி, பெட்டியை மறுபடி விழிக்க வைத்தான். எல்லோரும் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். இருட்டு. மாமனார் மிதியை மிதித்தார். ஒரு இழை எழும்பவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும், "ஐயய்யோ!" என்று ஒரு குரல் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சிட்டிபாபு வந்து நின்றார். வேர்த்திருந்தது. தேவேந்திரனை மாப்பிள்ளை என்று அவர் தெலுங்கில்தான் கூப்பிடுவார்.

"அல்லுடுகாரு, காலைலேர்ந்து ஒரே எடத்துல குந்திக்கினு இருக்கீங்களே! ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? வாங்க, தெருமுனைல காபி சாப்ட்டு வரலாம். மாமாவும் வரட்டும். எல்லாருமே வாங்க."

"வேலை இருக்குது மாமா. அது சரி, என்ன சத்தம்?"

"அத்த ஏன் கேக்கறீங்க? முந்தானைல யானை போட்டுக்கினு இருந்தேன். திடீர்னு எல்லா யானையும் மல்லாக்கப் படுத்துக்கிச்சு. நாலு காலும் மேல!"

"நீ நேராத்தான் உக்காந்து பார்த்தியா?" என்று கேட்டார் திருஞானசம்பந்தம்.

சிட்டிபாபு முகத்தைத் துண்டால் துடைத்தார். பெட்டியை ஒரு தரம், தேவேந்திரனை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர், நம் உடம்பு மேல் எவ்வளவு அக்கறை என்று தேவேந்திரன் நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது கெர்னலில் ஸ்கிரீனை இயக்கும் 'டிரைவர்' புரோகிராமை மாற்றினான். ஜக்கார்டுக்கு இன்னொன்றைச் சேர்த்தான். இடம் போதாமல் பெட்டியிலிருந்த பழைய கெர்னலை அழித்தான். புதியது கெட்டால் திரும்ப வழியில்லை என்பதால், கைதேர்ந்த எவனும் இதைச் செய்ய மாட்டான். ஆனால் மாமனார் வீட்டில் மூன்று பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தால் யாருக்கும் அறிவு ஒழுங்காக நிற்காது.

ஏற்றினான். ஸ்கிரீன் இருட்டு. இழை அசையவில்லை.

இந்த முறை ஓடி வந்தவள் சிட்டிபாபுவின் மனைவி காந்தா. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அண்ணா, எங்கூட்டுத் தறிக்கு எதோ ஆயிப்போச்சு! டிவில சவுண்டு ஏத்துனா யானை குண்டாவுது. கம்மி பண்ணுனா எளைக்குது. சேனல மாத்துனேன், யானை போயி அன்னப்பட்சி வந்துடுச்சு!"

"யாராவது கண்ணு வெச்சிருப்பாங்க," என்றாள் மஹாலட்சுமி.

"பூசணிக்கா ஒடச்சாச்சு. எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. இவுரு சுவத்தப் பார்த்துக்கினு 'காமாட்சி தாயே மன்னிச்சுடு'ன்றாரு. பெருமாளத் தவிர வேற பேரே சொல்லாத மனுசன்!" என்று சொல்லிவிட்டு, திடீரென்று தேவேந்திரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, சாப்டீங்களா? எங்கூட்டுல வந்து சாப்டுங்களேன். இங்கதான் வேணாம்."

தேவேந்திரனுக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. காமாட்சி கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. சந்தியா ஒரு மூலையில் உட்கார்ந்து பாதிச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

மஹாலட்சுமி தேங்காய்ச் சட்னி அரைக்கப் புது மிக்ஸியோடு வந்தாள். சமையலறை பிளக் பாயிண்ட் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. அதற்கும் "நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் அவள் புருஷனிடம் மூச்சு விடவில்லை. பேசாமல் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியை மாட்டினாள்.

தேவேந்திரன் அதைக் கவனிக்கவில்லை. 'காமாட்சி' என்று கூப்பிட்டான். பதில் வந்தது. மிக்ஸி கர்ரென்று ஓடியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பெட்டியின் ஒயர் தரையில் செத்த பாம்பாகக் கிடந்தது.

மறுபடி கூப்பிட்டான். காமாட்சி உடனே பதில் சொன்னாள்.

ஒரு நிமிஷம் அம்மனின் அருள் என்றுதான் தோன்றியது. காஞ்சிபுரத்தில் அப்படித் தோன்றினால் தவறில்லை. அடுத்த நிமிஷம் வேறொன்று தோன்றியது. 'வரதன்' என்று கூப்பிட்டான். பதிலே இல்லை.

விளங்கிவிட்டது. பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே பெயர் வைத்ததில், வீட்டை மாற்றி வைத்துத் தொலைத்திருக்கிறான். செத்துக் கிடக்கும் இந்தப் பெட்டிதான் வரதன். காலையிலிருந்து கெர்னல் மேல் கெர்னலாக ஏறியது பக்கத்து வீட்டில். யானையை மல்லாக்கப் போட்டதும் அதைக் குண்டாக்கியதும் கண்ணேறு இல்லை, கம்ப்யூட்டர் மாப்பிள்ளைதான்.

விஷயம் வெளியே தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒற்றைச் சுவர் இரட்டைச் சுவராகிவிடும். கல்யாணத்துக்கு முதல் வரிசையில் நிற்க வேண்டியவர் சிட்டிபாபு. யாருக்கும் தெரியாமல் அவர் பெட்டியைப் பழையபடி ஆக்கிவிட வேண்டியதுதான் என்று தேவேந்திரன் முடிவு செய்தான்.

"மாப்ளே, முடியலைன்னா சொல்லிடுப்பா," என்றார் மாமனார். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மஞ்சப்பையை மடித்துக் கையில் வைத்திருந்தார். "கடை தெறந்திருக்கும்போதே போயிடலாம்."

"ஒரே ஒரு தரம் மாமா!"

மூன்றாவது கெர்னலை அவன் அவசர அவசரமாக முடித்தான். இன்ஃப்ராரெட்டை எடுத்தான். பழைய ஜக்கார்டு டிரைவரைத் தேடிப் போட்டான். அனுப்பினான். பெட்டியை விழிக்க வைத்தான். 'காமாட்சி' என்று கூப்பிட்டான்.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டான். வாய்விட்டே கூப்பிட்டான். அப்புறம்தான் லேப்டாப்பில் மேல் வரியைப் பார்த்தான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவன், ஆர்ம் என்று சொல்ல மறந்துபோயிருந்தான். கெர்னல் லேப்டாப்பின் ஜாதிக்கே தயாராகி, அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அந்தப் பெட்டி இங்கிருந்து கூப்பிட்டால் எழுந்திருக்காது. நேரில் போய், உள்ளே இருக்கும் மெமரி கார்டைக் கழற்றி எழுதினால்தான் உண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் காந்தா வீறிட்டாள். "போச்சு! இதுவும் செத்துப்போச்சு!"

தேவேந்திரன் எழுந்தான். காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. நொண்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான். என்னவோ ஏதோ என்று மாமனாரும் மஞ்சப்பையோடு பின்னாலேயே வந்தார்.

அங்கே தறிக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நாமம் போட்ட பெட்டி இருண்டு கிடக்க, எதிரே சிட்டிபாபு கைகட்டி நின்றார். முந்தானையில் பாதி யானை, பாதி அன்னப்பட்சியாக ஏதோ ஒன்று கால்களை மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"சிட்டிபாபு மாமா, என்னை மன்னிச்சிடுங்க," என்றான் தேவேந்திரன்.  "கண்ணும் இல்ல, பேயும் இல்ல. எல்லாம் நான்தான். பேர மாத்தி வெச்சிட்டேன். எங்க பெட்டின்னு நெனச்சுக்கினு காலைலேர்ந்து உங்க பெட்டியத்தான் கெடுத்துக்கினு இருந்தேன்."

மாமனார் கையிலிருந்த மஞ்சப்பை கீழே விழுந்தது. "மாப்ளே! இத்தன வருசம் ஒரு வார்த்த ஏறுமாறா பேசுனதில்லையே நாங்க! எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இவன கல்யாணத்துக்குக் கூப்புடுவேன்?"

சிட்டிபாபு கத்துவார் என்று தேவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால், அவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கோபம் வர வேண்டிய முகத்தில் கண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது.

காந்தாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முந்தானையை எடுத்துப் பெட்டியின் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். நாமம் போய், அடியிலிருந்து பழைய விபூதிப் பட்டை எட்டிப் பார்த்தது.

"இது உங்கூட்டுப் பொட்டிதான் தம்பி! எங்குளுது புட்டுக்கிச்சுன்னு நேத்து நீங்க யாரும் இல்லாதப்போ இவுருதான் மாத்தி மாட்டிக்கினு வந்தாரு. காலைல திருப்பி வெச்சிடலாம்னு பார்த்தா, ஒரு காபிக்காச்சும் அந்த எடத்தவுட்டு எந்திரிச்சீங்களா நீங்க?"