வாய்க்கால் வளைவில் கண்ணீர் அஞ்சலி

காருக்கு அடியில் தலையை விட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த செழியனின் காலிலிருந்து ஒரு செருப்பு நழுவியது. அடுத்த நொடி ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போனது. செருப்புக்குள் கால் இல்லாமல் போனதற்கு அந்த லாரிக்காரர் எந்த விதத்திலும் பொறுப்பல்ல.

ஒரத்தநாடு சாலை வாய்க்காலை ஒட்டித் திரும்பும் வளைவு அது. மார்கழிக் காலையில் வயலிலிருந்து பனி எழும்பி வந்தால் எதிரே வருவது எருமையா பேருந்தா என்று தெரியாது. ரெக்கவரி வண்டி வைத்து, பழுதாகி நிற்கும் கார்களை இழுத்துப் போகிற செழியனுக்கு அங்கேதான் பிழைப்பு.

நசுங்கிய செருப்பைப் பார்த்து அவன் மனைவி அனுராதா அழவில்லை. "இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா வண்டிய வித்துடணும். எனக்கு நீங்க முழுசா வேணும்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ரெக்கவரி வண்டிக்காரர்கள் சங்கத் தலைவர் பஞ்சநதம், இருட்டிலும் மின்னுகிற மஞ்சள் ஜாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதப் போட்டுக்க. தூரத்துலயே தெரியும்."

தெரிந்தது. ஹெல்மெட் போடாதவர்கள் எல்லாம் அவனைப் போலீஸ் என்று நினைத்து வளைவிலேயே வண்டியைத் திருப்பி ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். ஒருவர் வாய்க்காலில் விழுந்து, அங்கிருந்தே செழியனைத் திட்டினார்.

"நாங்க வேல செய்யுற இடத்துல மெதுவாப் போகச் சொல்லுங்கன்னு எத்தன மனு குடுத்துட்டோம் தலைவரே. ஒண்ணும் நடக்கலையே?"

"யாராவது செத்திருந்தா நடந்திருக்கும்பா" என்றார் பஞ்சநதம், டீ குடித்துக்கொண்டே.

செழியனுக்கு அது உறைத்தது. முனீஸ்வரன் கோயிலைத் தாண்டும்போது இதே லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். உயிரோடு இருக்கிறவனுக்கு அந்த மரியாதை கிடையாது. மறுநாள் மலர்க்கொடியின் டீக்கடையில் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தான்.

"அந்த வளைவுல ஒரு ரெக்கவரிக்காரர் லாரியில அடிபட்டுச் செத்துட்டாராம்க்கா. பனியில நின்னு கை காட்டுறாராம்."

மலர்க்கொடி சிரிக்கவில்லை. "நீ இப்பத்தான் கேள்விப்படுறியா?" என்றாள்.

தனக்குத் தெரியாத செய்தி ஊரில் உண்டு என்று அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. செழியன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

பொங்கலுக்குள் வளைவில் கற்பூரம் எரிந்தது. எலுமிச்சம்பழம் உருண்டது. லாரிகள் ஊர்ந்து போயின. அனுராதாவுக்கு நிம்மதி, செழியனுக்குப் பெருமை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

பஞ்சநதம் நிறுத்தவில்லை. 'பணியின்போது உயிர்நீத்த எங்கள் தோழருக்குக் கண்ணீர் அஞ்சலி. வேகத்தைக் குறைப்பீர்!' என்று ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்றை வளைவில் கட்டினார். அதில் மாலை போட்ட படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது செழியன்.

"தலைவரே, அது நான்!"

"செத்தவரு படம் கிடைக்கல. ஏதாச்சும் ஒரு முகம் வேணும்ல? உன் முகத்துலதான் ஒரு சோகம் இருக்கு."

அன்றிலிருந்து தொழில் படுத்தது. பஞ்சரான காரில் காத்திருந்த கல்யாண கோஷ்டி, பனிக்குள்ளிருந்து செழியன் "யாருங்க கூப்பிட்டது?" என்று வந்து நின்றதும், மாப்பிள்ளை உள்பட வயலில் இறங்கி ஓடியது. நடவு வயலில் பட்டு வேட்டிகள் என்ன பாடுபட்டன என்பதைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். உதவிக்கு இருந்த இனியவனும், "வீட்டுல வேற வேலைக்குப் போகச் சொல்றாங்கண்ணே" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நின்றுவிட்டான்.

அந்த வாரக் கடைசியில், வெயில் ஏறியும் பனி விலகாத ஒரு காலையில் அழைப்பு வந்தது. திருத்துறைப்பூண்டி ஜாஃபர் சாதிக், துபாயிலிருந்து முந்தின நாள்தான் வந்தவர். அவருடைய கார் அதே வளைவில் வாய்க்கால் கரையில் சரிந்து நின்றது. ஃபிளெக்ஸ் பனியில் மறைந்திருந்ததால் அவர் ஓடவில்லை. அதற்கே செழியனுக்குக் கண் கலங்கியது.

உதவிக்கு ஆளில்லாததால், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தானே கொக்கியோடு காருக்கு அடியில் போனான். ஒரு சரக்கு லாரி வரும் சத்தம் கேட்டுத் தலையை வெளியே நீட்டினான். வளைவுக்கு வெகுதூரம் முன்பே சத்தம் தணிந்து, கிட்டத்தட்ட நின்று, பிறகு நகர்ந்தது. பின்னால் வந்த பேருந்தும் அப்படியே. எந்த ஓட்டுநரும் செழியனைப் பார்க்கவில்லை. அவனுக்குச் சற்றுத் தள்ளி, வெறும் பனி இருந்த இடத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருவரும் ஹாரன்கூட அடிக்கவில்லை. தன் கதைக்கு இவ்வளவு சக்தியா என்று செழியனுக்கே உடம்பு லேசாகச் சிலிர்த்தது.

காரை ஏற்றிக் கட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பாத்தீங்களா பாய், எவ்வளவு மெதுவாப் போறாங்க? எல்லாம் நான் பண்ணுன ஏற்பாடு."

ஜாஃபர் சாதிக் முகத்தைச் சுளித்தார்.

"நல்ல ஏற்பாடுதான். நீங்க மட்டும் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, உங்ககூட வந்த பெரியவர வெறும் சட்டையோட நடுரோட்டுல நிக்க வச்சிருக்கீங்களே, ஒவ்வொரு வண்டியையும் கை காட்டி நிறுத்துறது அவருதானே?"