வலக்கைக்குப் பதினோராயிரத்து நானூறு

எண்ணிச் செய்தால் எதுவும் தவறாது என்று அறுபத்து மூன்று வயதுவரை நம்பியிருந்தேன். சாத்தம் மரமில்லில் முப்பத்தொரு வருடம் பலகை எண்ணியவனுக்கு வேறென்ன நம்பிக்கை இருக்கும்? அதை நானே கடலில் மூழ்கடித்தேன்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கான தொடர் நீச்சல் போட்டி. இரண்டு அணிகள், அணிக்கு நால்வர், ஆளுக்கு நூறு மீட்டர். ஜெயிக்கும் அணியை எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டில், சென்னையில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்கள். எங்கள் அணியில் மூன்றாவதாக நீந்துபவர் மைக்கேல், தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரர். சென்னையில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். அவர் இன்னும் பார்க்கவில்லை. கடைசி ஆள் நான்.

"நீங்க சும்மா முடிச்சாப் போதும் சார். பேரனப் பாத்துருவேன்" என்றார்.

பயிற்சி தொடங்கும்போதே கடலில் முதலை தென்பட்டதென்று குளிக்கத் தடை வந்தது. (எங்கள் ஊரில் இது மழை மாதிரி, வரும், போகும்.) பயிற்சியாளர் ஸ்டெல்லா, டாலிகஞ்ச் பெண், அதுவரை கரையிலேயே உடற்பயிற்சி செய்யச் சொன்னாள்.

"தோள்ல பலம் வந்தா கை நல்லா இழுக்கும் அங்கிள். ஆனா அதைத் தண்ணிக்குள்ளயும் பழக்கணும்."

இரண்டாவது வாக்கியத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மரைன் ஹில் வீட்டு ஜன்னல் கம்பியில் பழைய ஸ்கூட்டர் டியூபைக் கட்டி, நீந்துவதுபோல் இழுத்தேன். தினமும் முந்நூறு, முப்பத்தெட்டு நாள். தடை நீங்கியபின் மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள். ஜலதோஷம் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் நான் டியூபை விடவில்லை.

போட்டி நாளன்று மைக்கேல் பத்து மீட்டர் முன்னிலையில் வந்து மிதவையைத் தொட்டார். நான் பாய்ந்தேன். கரைக்கு இணையாக, கரை என் இடப்பக்கம் இருக்க நீந்த வேண்டும். நீச்சல் கண்ணாடி கசிந்ததால் கண்களை மூடிக்கொண்டேன். தொண்ணூற்றிரண்டு கை போட்டால் அடுத்த மிதவை என்பது என் கணக்கு. நாற்பதில் யாரோ கத்துவது கேட்டது. என் வேகத்தைப் பார்த்துத்தான் என்று இன்னும் பலமாக இழுத்தேன். எழுபத்தொன்றில் கையில் ஏதோ தட்டியது. மிதவை. இருபத்தொரு கை மிச்சம். எனக்குப் புல்லரித்தது. இறுகப் பிடித்தேன்.

அது உதைத்தது.

"ஐயோ, முதலை!"

என் மனைவி விசாலத்தின் குரல். கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தவளின் கணுக்காலைப் பிடித்திருந்தேன். குடையால் தலையில் மூன்று அடி. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களா?" (நாலாவது அடி, ஆள் தெரிந்த பிறகு விழுந்தது.) கரையில் ஒருவர் மிச்சமில்லாமல் ஓடினார்கள். முதலை என்ற சத்தம் காதில் விழுந்ததும் எதிரணிக் கிழவர் வாழ்நாளில் காணாத வேகத்தில் போய் மிதவையைத் தொட்டுவிட்டார்.

படகிலிருந்த காவலர் வந்து, "அங்கிள், கிதர் ஜா ரஹே தே?" என்றார். எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டெல்லா, நான் டியூப் இழுத்த விதத்தைச் செய்துகாட்டச் சொன்னாள். காட்டினேன்.

"இடது கை?"

"அதன் விரல்களில்தான் எண்ணினேன்."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தெட்டு நாளும் வலது கை மட்டுமா அங்கிள்? அப்புறம் லெஃப்ட்ல திரும்பாம வேற எங்க போவீங்க?"

மைக்கேல் ஈரத் துண்டோடு நின்றார். "விடுங்க சார், கப்பல்ல போய்க்கிடுதேன்" என்றார். அதைக் கேட்பதற்குக் குடையடியே தேவலை. அடுத்த மாதம் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, மூன்று நாள் கப்பலில் போய்ப் பேரனைப் பார்த்தார். மடியில் வைத்து முதலில் சொன்னது இந்தக் கதையைத்தானாம்.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. வீடியோ காலில் மைக்கேலின் பக்கத்தில் என் முகம் தெரிந்தால் போதும், இரண்டு கால்களையும் சோபாமேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்ட பிறகுதான், "வணக்கம், முதலைத் தாத்தா" என்கிறான்.