கமாண்டர் சொல்ல வேண்டிய ஒரு வரி

அன்புள்ள மாப்பிள்ளை சபரிநாதனுக்கு,

ராசிபுரத்திலிருந்து சின்னுசாமி எழுதுவது. இங்கே நலம். அங்கேயும் எல்லோரும் நலம் என்று தங்கச்சி போனில் சொன்னாள். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

யுவஸ்ரீ வரும் ஞாயிற்றுக்கிழமை ஜப்பானுக்குப் புறப்படுகிறாள். இதை உறுதி செய்தவர் எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் தீனதயாளன். வேலை கிடைத்ததும் விசா வந்ததும் எனக்கு முன்பே தெரியும். தேதியை மட்டும் பெற்ற அப்பனிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று காலை டீக்கடையில் தீனதயாளன்தான் சொன்னார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை பாப்பாவ பெங்களூர் ஏர்போட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. நீங்களும் வாரீங்களா? சீட்டு சும்மாதான் கெடக்குது."

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"ஆருகிட்டங்க கேப்பீங்க?" என்றார். அதற்கு நான் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.

அங்கே அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்ட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், முக்கியமாக உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். வாயே திறக்காத கிழவர்களைப் பேச வைப்பதற்குத் தனிப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்களாம். அதை அவள் இந்த வீட்டில் செய்து பார்க்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளை கதை எழுதுகிறாள். மங்கா என்று ஜப்பான்காரர்கள் போடும் படக்கதை இருக்கிறதல்லவா, அதில் வரும் ஆட்களை வைத்து வாசகர்கள் தாங்களாகவே மேற்கொண்டு கதை கட்டி இணையத்தில் போடுகிறார்கள். இதற்கு ஃபேன்ஃபிக் என்று பெயர். மூல ஆசிரியரிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. யுவஸ்ரீ எடுத்துக்கொண்ட ஆள் கமாண்டர் இவாமுரா. மலைக்கோட்டை ஒன்றைக் காவல் காக்கிறவர். எது நடந்தாலும் முகத்தில் காட்டமாட்டார். 'அண்ணா, நம்ம யுவா எழுதற கதைங்க, படிச்சுப் பாருங்க' என்று தங்கச்சிதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்பதற்கு அவள் இதுவரை விளக்கம் அளிக்கவில்லை. படித்தேன். கோட்டையின் வைத்தியச்சியான கமாண்டரின் மனைவி இறந்துபோகிறாள். அன்று அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கிணற்றடிக்குப் போய் ராட்டினத்தைக் கழற்றிப் பழுது பார்க்கிறார். பின்னால் வந்து நிற்கும் மகள் மியோவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "கயிற்றைப் பிடி" என்கிறார். உன் அக்கா கலைமணி போன அன்று நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நான் பழுது பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "அந்த ஸ்பேனரை எடு" என்று யுவஸ்ரீயிடம் சொன்னதும் உண்மைதான்.

பத்திரிகையில் என்னைப் பற்றித் தவறாக ஒன்று வந்தால் என்ன செய்வேன்? மறுப்பு அனுப்புவேன். அதையே செய்தேன். கோட்டைவாசி என்ற பெயரில் கதைக்குக் கீழே எழுதினேன்: 'இந்த அத்தியாயத்தில் உண்மைக்கு மாறான தகவல் இடம்பெற்றுள்ளது. மனைவி இறந்த அன்று கமாண்டர் கல்நெஞ்சுடன் ராட்டினத்தைப் பழுது பார்த்தார் என்பது தவறு. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளிக்க வேண்டும். தண்ணீர் ஏறவில்லை. வேறு ஆள் இல்லை. எனவே அவர் பார்த்தார். கேட்டிருந்தால் அவரே விளக்கியிருப்பார்.'

மாப்பிள்ளை, அந்த மறுப்புக்கு விழுந்த இதயங்கள் கதைக்கே விழவில்லை. "யாருங்க நீங்க, கமாண்டரே நேர்ல வந்து பேசுன மாதிரி இருக்குது" என்று ஒருவர். "வேறு ஆள் இல்லைங்கற எடத்துல அழுதுட்டனுங்க" என்று ஒரு பெண். கௌசிக் என்ற பையன் மட்டும், "ஜப்பான்ல சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து குளிப்பாங்களாண்ணா?" என்று கேட்டான். அவன் ஒருவன்தான் செய்தியாளனாக வரக்கூடியவன். 'அது குறித்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போட்டேன், அதற்கும் இதயம். நான் போட்டது மறுப்பு, பாராட்டுவதற்கு இதில் எதுவும் இல்லை என்று இரண்டாவது மறுப்புப் போட்டேன். "அய்யோ, கமாண்டர் இப்படித்தான் கூச்சப்படுவாரு" என்று கொண்டாடிவிட்டார்கள். இத்தனை வருட நிருபர் வேலையில் என் எழுத்துக்கு ஒருவரும் இப்படி அழுததில்லை, அதுவும் பெயரை மறைத்து எழுதியதற்கு.

அதன் பிறகு யுவஸ்ரீயே கோட்டைவாசிக்கு எழுதினாள். அது நான் என்று அவளுக்குத் தெரியாது. "கடைசி அத்தியாயத்துல மியோ கோட்டைய விட்டுப் போறாங்க. வாசல்ல கமாண்டர் என்ன சொல்லுவாருன்னு எனக்கு எழுத வரல. உங்களுக்குத்தான் அவரு புடிபட்டிருக்காரு. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தாள். நான் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது இது: 'கீழே பாலத்தில் வேலை நடக்கிறது. வலது பக்கமாகப் போ.'

உடனே பதில் வந்தது. "ரொம்பச் சரிங்க. அவரு இதைத்தான் சொல்லுவாரு. அதனாலதான் மியோ திரும்பி வரமாட்டா."

மறுநாள் காலையில் தட்டில் தோசை வைக்கும்போது, "ஏனுங்ப்பா, அம்மா போன அன்னைக்கு மோட்டார் ரிப்பேர் பண்ணுனீங்களே, நெனப்பிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"எந்த மோட்டார்?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்ப்பா. சட்னி போதுங்களா?"

"போதும் சாமி."

அத்துடன் பேச்சுவார்த்தை முடிந்தது.

செய்தியில் சொந்தக் கருத்தைக் கலக்கக் கூடாது என்று பழகியவன் நான். ஆனாலும் உனக்கு எழுதுகிறேன். அவள் திரும்பி வர வேண்டும் என்பது என் கருத்து. போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போகட்டும், வரட்டும். வரும்போது இந்த வீட்டில் ஆள் இருக்கும் என்பதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். இன்னொரு தகவலும் உண்டு, அதற்குச் சாட்சி கிடையாது. அன்று மோட்டார் சரியாகி ஓட ஆரம்பித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் வெளியே கேட்காது. ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள், அதனால் அவள் கதையில் இது வரவில்லை. அவள் மீது தவறில்லை.

ஆகவே, மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தீனதயாளனின் காரில் நீயே ஏறிப் போ. தாய்மாமன் நீ, உனக்குப் பேச வரும். போகும் வழியில் மேலே சொன்னதை அவளிடம் உன் சொந்த வார்த்தைகளில் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. கோட்டைவாசி யார் என்பதும் அவளுக்குத் தெரியக் கூடாது. நான் வழக்கம்போல வாசலில் நின்று பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் முட்டிவலி குறைந்திருந்தால் தெரிவிக்கவும், குறையாவிட்டாலும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
சின்னுசாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாழப்பாடிக்கு வந்து சேரும் என்பது உறுதியில்லை. நாளை காலை யுவஸ்ரீ உங்களிடம் சொல்லிக்கொண்டு போக அங்கே வருகிறாள். அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வீட்டில் கோந்து இல்லை. கடையில் இருக்கிறது, நான் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கடலை மடித்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள். சேலத்தில் வண்டி மாற வேண்டும், நேரம் நிறைய இருக்கிறது. எனவே காரில் போவது பற்றி மேலே சொன்னதை இப்போதைக்கு நிறுத்தி வை. படித்தாளா, இல்லையா என்பது நாளை மாலை அவள் திரும்பி வரும் வண்டியில்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.